நூலக முற்றத்துக் காலடிகள்

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். ஆள் நகர்ந்த பிறகுதான் அது பிறக்கும். அதற்குப் பத்து விரல் உண்டு, நகம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு நடக்கத் தெரியாது, ஆனால் யார் எந்தப் பக்கம் நடந்து போனார் என்று சொல்லிவிடும். அது என்ன? பக்கத்தில் இருப்பவரைக் கேட்கக் கூடாது. சரி, கையைத் தூக்கியவர்கள் எல்லாரும் சொன்னது சரிதான்: காலடித் தடம், அதுவும் ஒரு ஜோடி. கடற்கரையில் விழுந்தால் அடுத்த அலை வரைக்கும் இருக்கும், வயல் வரப்பில் விழுந்தால் அடுத்த மழை வரைக்கும் இருக்கும். காற்றுவாய் என்கிற ஊரில், நூலகத்து முற்றத்தில், ஈரச் சிமெண்டில் விழுந்த ஒரு ஜோடி எவ்வளவு காலம் இருந்தது, அது இருந்த காலத்தில் ஊர் என்ன செய்தது, அந்தக் காலடிகளைப் பதித்த பிள்ளையின் அம்மா புஷ்பலீலா என்ன பாடுபட்டாள் என்பதுதான் இந்தக் கதை.

மலை ஒன்று நடுவில் விலகி வழிவிட்ட இடத்தில் இருக்கிறது காற்றுவாய். மேற்கே மழை தொடங்கும்போது அந்தப் பக்கத்துக் காற்றெல்லாம் இந்த ஒரு சந்து வழியாகத்தான் கிழக்கே வந்தாக வேண்டும். அதனால் ஆனி ஆடியில் அங்கே ஓட்டுக்கு மேல் கல் இருக்கும், கொடியில் காயும் ஒரு சேலைக்குப் பன்னிரண்டு கிளிப் இருக்கும், பேப்பர் படிப்பவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், தெருவில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் பேச வேண்டுமானால் ஒருவர் சுற்றி வந்து மற்றவர் பக்கத்தில் நின்று, இருவருமாகக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நலம் விசாரிப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால்கூடக் காலை அகட்டி வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள், போட்டோவைப் பார்த்தாலே யார் காற்றுவாய்க்காரர் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஊரில் அடிமுறை என்கிற சண்டைக்கலை வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் அடியும் கிடையாது, உதையும் கிடையாது, நிற்பது மட்டும்தான். சொல்லிக்கொடுத்தவள் ஷோபியா, முப்பத்திரண்டு வயது. பகலில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கிற ஆலையில், மேற்பார்வை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் நூலகத்து முற்றத்தில் வகுப்பு. பதினான்கு பிள்ளைகள், மூன்று பெண்கள், ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டர் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிப்பதற்காக வந்து சேர்ந்தவர்.

இரண்டு சாண் அகலத்துக்குக் காலை வைத்து, முழங்காலை மடக்கி, இல்லாத முக்காலியில் உட்காரப் போகிறவரைப்போல இடுப்பை இறக்க வேண்டும். இரண்டு தொடையிலும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைப்பாள் ஷோபியா. அது தளும்பாத அளவுக்கு மூச்சைத் தொப்புளுக்குக் கீழே அனுப்பப் பழக வேண்டும். அது பழகியதும் கண்ணை மூடச் சொல்வாள். மூடினால்தான் எந்தக் காலில் பாரம் கூடுதல் என்று உள்ளங்கால் சொல்லும். அதற்குப் பிறகு ஒற்றைச் செங்கல்லின்மேல் ஒற்றைக்கால், அதற்கும் பிறகு ஈர மணல் மூட்டையின்மேல், கடைசியாகத் துடைப்பக்கட்டை. எதிரில் நிற்பவர் துடைப்பக்கட்டையால் தோளில் தள்ளுவார். தள்ளியவர்மேல் கோபம் வந்தால் ஆள் விழுந்துவிடும். கோபம் வராமல் அந்தத் தள்ளலைத் தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து குதிகாலுக்கு, குதிகாலிலிருந்து மண்ணுக்கு அனுப்பினால் ஆள் நிற்கும்.

"அவன் தள்ளுகது உனக்கு வந்த காயிதம் இல்ல பிள்ளே, தரைக்கு வந்த காயிதம்" என்பாள் ஷோபியா. "நீ போஸ்ட்மேன். வாங்கு, கொடு, சும்மா நில்லு. பிரிச்சுப் படிச்சுப் பாக்காத."

வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. நிலையில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. குலைத்தவர் யாரானாலும் நின்றவர் நின்ற அவ்வளவு நேரமும் அதே இடத்தில் நின்று தீர்க்க வேண்டும். நிலையை முடித்துவைப்பதற்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு, நிற்க வைத்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும்: "விடு." ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வயதில் அந்த முற்றத்தில் நின்றவர்கள் என்பதால் வழக்கத்தை மீறத் துணிந்தவர் இல்லை. தபால்காரர்கூட, வாரநாளில் நிலையில் நிற்பவருக்குக் கடிதம் வந்தால் காலருகே வைத்து அதன்மேல் கல்லை வைத்துவிட்டுப் போவார்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில்தான் அது நடந்தது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நன்றாக நிற்கிற பிள்ளை என்பதால் சுபிஜாவை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தாள் ஷோபியா. சுபிஜாவுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. அப்போது ஆபீசிலிருந்து போன் வந்தது: வறுக்கிற டிரம்மில் தீ. "நான் வந்து சொல்லுக வரைக்கும் நில்லு மக்களே" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தாள். தீயை அணைத்தார்கள், அதன் பிறகு புகையை அணைத்தார்கள், அதன் பிறகு முதலாளியின் கோபத்தை அணைத்தார்கள். முற்றத்தில் ஒரு பிள்ளை நிற்கிறது என்பது ஷோபியாவின் நினைவிலிருந்து அந்தப் புகையோடு போயிற்று.

எட்டு மணிக்குக் கொத்தனார் ஞானதாஸ், பஞ்சாயத்து சொன்னபடி முற்றத்துக்குச் சிமெண்ட் போட, மணலும் ஜல்லியும் இரண்டு சித்தாள்களுமாக வந்து சேர்ந்தார். நடு முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுபிஜா.

"பிள்ளை நிலையில நிக்குது" என்றார் ஞானதாஸ்.

"கூப்பிட்டுப் பாரும்" என்றாள் ஒரு சித்தாள்.

"நீ கூப்பிடு. நான் கூப்பிட்டா பொறவு நானாக்கும் அங்க நிக்கணும். கலவை காஞ்சு போவும்."

"அப்ப நான் கூப்பிட்டா காயாதோ?"

அதனால் யாரும் கூப்பிடவில்லை. ஞானதாஸ் கோவில் தூணைச் சுற்றிப் பூசுகிற மரியாதையோடு பிள்ளையைச் சுற்றிப் பூசிக்கொண்டு வந்தார். தளர்வாகக் கலந்த கலவை மெல்ல ஊர்ந்து அவளுடைய உள்ளங்காலுக்கு அடியிலும் போய்ச் சேர்ந்தது. பதினொரு மணிக்குத் தேடிக்கொண்டு வந்த புஷ்பலீலா மகளைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், வழக்கம் நினைவுக்கு வர மூடிக்கொண்டாள். வீட்டுக்கு ஓடிக் குடையை எடுத்து வந்து, காயாத சிமெண்டின்மேல் கொத்தனார் போட்டிருந்த பலகையில் நின்றபடி, கையை நீட்டி மகள் தலைக்கு மேலே பிடித்தாள். காற்று குடையை மூன்று தரம் மல்லாத்தியது. மூன்று தரமும் அவள் அதைத் திருப்பிப் பிடித்தாள். ஆபீசுக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

ஒரு மணிக்கு ஷோபியா தலைதெறிக்க வந்தாள். ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ எனக்க மக்களே, வா, வந்திரு, வா" என்று பலகையில் பாய்ந்து ஏறிப் பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டாள். சிவந்து வெந்திருந்த பாதங்களைக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவினார்கள். எண்ணெய் தடவி இறக்கிவிட்டதும் சுபிஜா இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் சரிந்து உட்கார்ந்தாள். கால் மரத்துப் போயிருக்கும் என்றார்கள் எல்லாரும்.

மறுநாள் காலையில் ஞானதாஸ் அந்தக் காலடிகளை அடைக்கப் போனார். வைத்த கலவை ஒட்டவில்லை. அடைத்து நிமிர்வதற்குள் காற்று தூளாக்கிக்கொண்டு போனது. குழியின் ஆழத்தைப் பார்க்க இரண்டிலும் காலை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். காற்று அவருடைய துண்டைப் பறித்தது, வேட்டியைப் பாய்மரமாக்கியது, சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது. அவரை மட்டும் ஒரு மயிரிழை அசைக்கவில்லை. முப்பது வருடமாகச் சாரத்தில் நின்று நின்று அவருக்குள்ளே எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் ஆட்டத்தை நிறுத்தியது. அவர் கலவைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்து டீக்கடைக்குப் போய், "நூலகத்து முற்றத்துல ஒருக்கா நின்னு பாருங்கடே" என்று மட்டும் சொன்னார்.

நின்று பார்த்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் காலடியில் லாரி டிரைவரின் பாதமும் பொருந்தியது, போன மாதம் பிறந்த குழந்தையின் பாதமும் பொருந்தியது. எப்படி என்று காற்றுவாயில் ஒருவரும் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றித்தான் இரண்டு நாள் சண்டை நடந்தது. கழற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. நூறு எண்ணுகிற வரைக்கும் ஒருவர் நிற்கலாம், எண்ணுவது அடுத்து நிற்கிறவரின் வேலை, வேகமாக எண்ணினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் போகிற வழியில் நின்றுவிட்டுப் போனார்கள். சாராயக் கடையிலிருந்து எட்டுப் போட்டு வந்தவர் அங்கே நின்றுவிட்டு நேர்கோட்டில் வீட்டுக்கு நடந்து, நேராக வந்ததாலேயே மனைவியிடம் மாட்டிக்கொண்டார். மூன்று வரன்களுக்குத் தலையைத் தலையை ஆட்டிய ஒரு பெண் அங்கே நின்றபடி நாலாவது வரனின் அப்பாவிடம் "எனக்கு வேண்டாம் மாமா" என்று தெளிவாகச் சொன்னாள், அவரும் அதைக் கேட்டுக்கொண்டு, தானும் நூறு எண்ணுகிற வரை நின்று பார்த்துவிட்டு, மனத்தாங்கல் இல்லாமல் பஸ் ஏறினார்.

எல்லாரையும்விட அது தாணப்பனுக்குத்தான் வாய்த்தது. நூலகத்துக்கு எதிரே சலூன் வைத்திருந்தவர், ஐம்பத்தாறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கை நடுங்கத் தொடங்கியது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரை தூக்கம் கொடுத்தது, நடுக்கம் போகவில்லை. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் காது மடலில் கத்தி பட்ட அன்று, ஒருவரும் சொல்வதற்கு முன்பே ஷட்டரை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு டீயைக்கூட அவர் பாதி கிளாஸ்தான் வாங்குவார். காலடிகளில் ஏறி நின்ற முதல் நாள், அவர் தன் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே நீட்டி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். எண்ண வேண்டியவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாளிலிருந்து நாற்காலி முற்றத்துக்கு வந்தது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை காலடிகள் தாணப்பனுக்கு என்று ஊர் பேசாமலே ஒத்துக்கொண்டது. அவர் இருந்த இடத்திலேயே நிற்பார், நாற்காலியைத்தான் திருப்ப வேண்டும். வெட்டிக்கொள்கிறவர் காலால் உந்தித் தானே திரும்பிக்கொள்வார். முடியைக் கூட்ட வேண்டிய வேலை இல்லை, கீழே விழுவதற்குள் காற்று கொண்டுபோய்விடும். கிழக்குத் தெருப் பெண்கள் சோற்றில் முடி கிடக்கிறது என்று வைதார்கள், அவ்வளவுதான்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது சுபிஜாவால் நிற்க முடியவில்லை.

கால் மரத்துப் போனது என்றார்கள், ஒரு வாரம் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பும் நரம்பும் காதும் நன்றாக இருக்கின்றன என்றார்கள். உட்கார்ந்தால் பழைய சுபிஜாதான்: கணக்குப் போடுவாள், அம்மாவிடம் எதிர்த்துப் பேசுவாள். எழுந்தால் தரை தன்னைக் கண்டுகொள்ளாத மாதிரி இருக்கிறது என்றாள். விசிறிக் காற்றுக்குச் சாய்ந்தாள். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் எல்லாரும் நிற்க அவள் மட்டும் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

ஷோபியா தனக்குத் தெரிந்ததையெல்லாம் முதலிலிருந்து தொடங்கினாள். சிரட்டைத் தண்ணீர் வைத்தாள், தண்ணீர் கவிழ்ந்தது. செங்கல் வைத்தாள், மணல் மூட்டை வைத்தாள், தரையில் கயிற்றைப் போட்டு அதன்மேல் குதிகாலும் விரலும் தொட்டுத்தொட்டு நடக்கச் சொன்னாள், கண்ணைக் கட்டிவிட்டாள், வாய்க்கால் தண்ணீரில் இடுப்பளவு நிற்க வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். துடைப்பக்கட்டைக்குப் பதிலாக ஒரு விரலால் தள்ளினாள்.

"காயிதம் வருது அக்கா" என்றாள் சுபிஜா, விழுந்த இடத்திலிருந்து. "கொடுக்கப் போனா தரையில ஆளு இல்ல."

ஷோபியா பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். அன்று முதல் அவள் முற்றத்துப் பக்கம் வருவதை நிறுத்தி, வகுப்பைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

பங்குனி கடைசியில், பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் கரை வழியாக வரும்போது, பெரிய காற்றுகூட இல்லை, ஒரு சின்னக் காற்று, சுபிஜாவைத் தண்ணீரில் தள்ளியது. மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் தூக்கிவிட்டார். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும். ஆனியில் காற்றும் திறக்கும். பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி கிடையாது. புஷ்பலீலா குவைத்தில் இருக்கிற கணவனோடு போனில் பேசி அழுது முடித்து, ஒரு முடிவுக்கு வந்தாள்: பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைக்குச் சரியாகாவிட்டால் மதுரையில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. மதுரையில் காற்று இல்லை.

"பெரியம்ம வீட்டுல நிக்கவே வேண்டாம்" என்றாள் சுபிஜா. "அங்க எப்பவும் எல்லாரும் டிவி முன்னால உக்காந்துதான் இருப்பாவ." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புஷ்பலீலாவும் காலடிகளில் நிற்பவள்தான். அண்டி ஆபீசில் பகல் முழுக்கக் குந்தியிருந்து கொட்டை உடைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸில் இறங்கினால் முதுகு இரண்டாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நூறு எண்ணுகிற வரை நின்றால் ஒன்றாகிவிடும். வைகாசி நடுவில் ஒரு மாலை, வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆள் இல்லை, எண்ணுவதற்கும் ஆள் இல்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியதும் உள்ளங்கால் பேசியது. பாரம் இடது குதிகாலில் கூடுதலாக இருந்தது. வலது பெருவிரல் மட்டும் தரையை லேசாகக் கிள்ளிக்கொண்டிருந்தது. புஷ்பலீலா நிற்கிற விதம் அது இல்லை. பத்து மாதக் குழந்தையாகக் கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்ற நாளிலிருந்து சுபிஜா நிற்கிற விதம் அது. இடது குதிகாலை ஊன்றி, வலது பெருவிரலால் தரையைக் கிள்ளி. பிள்ளையின் எல்லாச் செருப்பும் அந்த இடத்தில்தான் முதலில் தேயும்.

அவள் குதித்து இறங்கினாள், கொதிக்கிற தரையிலிருந்து இறங்குகிறவளைப்போல. இந்த ஊர் மூன்று மாதமாக ஏறி நின்றுகொண்டிருந்தது தன் பிள்ளையின்மேல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் எட்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எட்டு நாளில் ஐந்து நாள், முதுகு தாளாமல், மறுபடியும் ஏறி நின்றாள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒன்பதாம் நாள் ஷோபியாவிடம் எல்லாவற்றையும் கொட்டும்போது அவளே இதைத்தான் முதலில் சொன்னாள்.

ஷோபியா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"லீலாக்கா, அண்ணைக்கு நான் ஓடி வந்து என்ன சொன்னேன்?"

"வான்னு சொன்ன. மக்களே வா, வந்திருன்னு."

"விடுன்னு சொன்னேனா?"

புஷ்பலீலா யோசித்தாள். குடை, காற்று, கீழே கிடந்த ஸ்கூட்டரின் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம், எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தச் சொல் மட்டும் எங்கேயும் இல்லை.

"சொல்லல்ல" என்றாள் ஷோபியா. "நான் பிள்ளைய மட்டும் தூக்கிட்டு வந்திட்டேன். நிலை அங்கயே நிக்குது. நாலாவது மாசமாட்டு நிக்குது."

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் கூட்டம் கூடியது. பிள்ளை காலடியில் ஏறி நிற்க வேண்டும், ஷோபியா சொல்லைச் சொல்ல வேண்டும், பிள்ளை தன் நிலையை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், அதற்குப் பிறகு காலடி இருக்காது: இவ்வளவுதான் விஷயம். ஆனால் நான்கு மாதம் ஆடாமல் நின்று பழகியவர்களுக்கு அது எளிதில் இறங்கவில்லை.

"சிமெண்டு பஞ்சாயத்துக்கதாக்கும்" என்று ஒரு குரல் வந்தது.

"சிமெண்டு பஞ்சாயத்துக்குள்ளது, கால் யாருக்குள்ளது? உமக்குள்ளதா?" என்றார் ஞானதாஸ்.

"போட்டது நீருதான ஓய், பிள்ளை கால்ல கலவையக் கொட்டினது!"

"கொட்டினேன். உம்ம பெஞ்சாதி அந்த வழியா ரெண்டு தரம் போச்சு. கூப்பிட்டுதா? கேட்டுச் சொல்லும்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. அடங்கிய பிறகு எல்லாரும் தாணப்பனைப் பார்த்தார்கள். தன்னைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் அவர் கூட்டத்தின் ஓரமாக, கையிரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். புஷ்பலீலாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போன வாரம்தான் அவர் சலூன் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போட்டிருந்தார்.

"லீலா, நீ எதுக்குத் தலையக் குனியுத?" என்றார் தாணப்பன். "நாலு மாசம் நான் உன் பிள்ளைக்க கால்ல நின்னு சோறு தின்னிருக்கேன். தெரியாமத் தின்னேன். தெரிஞ்சிட்டு தின்னா செமிக்காது." சுபிஜாவிடம் திரும்பினார். அவள் நூலகத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மக்களே, போய் எடுத்துக்கோ. மாமனுக்குப் பாதி கிளாஸ் டீ போரும்."

தூணிலிருந்து காலடி வரைக்கும் எட்டு அடி. புஷ்பலீலா ஒரு பக்கமும் ஷோபியா ஒரு பக்கமுமாகப் பிடித்து அழைத்துப் போனார்கள். சுபிஜா வலது காலை வைத்தாள், இடது காலை வைத்தாள், முழங்காலை மடக்கினாள், இடுப்பை இறக்கினாள், கண்ணை மூடினாள். இருவரும் கையை எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மலையிடுக்கிலிருந்து அந்தப் பருவத்தின் முதல் பெரிய காற்று வந்தது. கூட்டத்தில் இருந்த நூறு பேரும் ஓர் அடி கிழக்கே நகர்ந்தார்கள், நூலகத்தின் கதவு திறந்து அறைந்தது, தாணப்பனின் நாற்காலி தானாக ஒரு சுற்றுச் சுற்றியது. சுபிஜாவின் இரட்டைப் பின்னல்கள் நேராக முன்னால் நீண்டு நின்றன. சுபிஜா நின்றாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக, ஒன்றையும் பிடிக்காமல், இடது குதிகாலை ஊன்றி, வலது பெருவிரலால் தரையைக் கிள்ளிக்கொண்டு. புஷ்பலீலா நெஞ்சுக்குள் எங்கோ மாசி மாதத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அது வெளியே வந்த சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

ஷோபியா சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சுபிஜா கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, ரெண்டையும் எடுக்கணுமா?"

"இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல மக்களே" என்றாள் ஷோபியா.

"ஒத்தக்கால்ல நிக்கது பாடத்துல உண்டுமே."

"உண்டும்."

"நான் நிக்கது இடது கால்லயாக்கும். மாமா கத்தி பிடிக்கது வலது கையில."

ரெண்டையும் எடு என்று கத்த வேண்டும் போலிருந்தது புஷ்பலீலாவுக்கு. வாய்க்கால் கரை இருக்கிறது, ஆனி இருக்கிறது, ஆடி இருக்கிறது. ஆனால் பிள்ளை நிலையில் நிற்கிறது. மாசியில் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு தவறு செய்தவள் அவள். இந்தத் தடவை மீறிவிடலாம், மீறி, எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தானே நின்று தீர்க்கலாம் என்று ஓர் அடி முன்னால் வைத்தாள். மகள் அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற ஆசையும் இல்லை; கடினமான கணக்கு ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டு விடைத்தாளைக் கொடுக்கப் போகிற பிள்ளையின் முகம் அது. புஷ்பலீலா வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"விடு" என்றாள் ஷோபியா.

சுபிஜா இறங்கினாள். காற்று அவளை வலப்பக்கம் சாய்த்தது. கையை விரித்தாள், தடுமாறினாள், இடது காலை ஊன்றினாள், நிமிர்ந்தாள். இன்னோர் அடி வைத்தாள். அதிலும் வலது கால் நம்ப முடியாததாகவும் இடது கால் நம்பத் தகுந்ததாகவும் இருந்தது. தாளத்தில் ஒரு தட்டுப் பிசகிய நடையாக, ஆனால் நடையாக, அவள் முற்றத்தைக் கடந்து அம்மாவிடம் வந்தாள். "வாய்க்கால் கரையில வலது கை வேலிப்பக்கம் வர்ற மாதிரி நடந்தா போரும்மா" என்றாள். புஷ்பலீலா அவளைக் கட்டிக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றைச் செய்தாள். மதுரைக்கு எடுத்து வைத்த துணிகளைப் பெட்டியிலிருந்து இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது அவளுக்கு ஓடிய ஒரே நினைப்பு.

முற்றத்தில் இடது காலடி இருந்த இடம் வழுவழுவென்று மூடியிருந்தது. வலது காலடி ஐந்து விரலோடு அப்படியே இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தாணப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை அதில் வைத்தார். அக்குளிலிருந்து கையை எடுத்து நீட்டினார். வலது கை நின்றது. இடது கை நடுங்கியது.

ஞானதாஸ் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "மொகத்த வழியும் தாணப்பா. கன்னத்த நானே இழுத்துப் பிடிச்சுக்கிடுதேன்."

அப்படித்தான் அதற்குப் பிறகு காற்றுவாயில் சவரம் நடந்தது: வெட்டுகிறவருக்கு ஒரு கை, வெட்டிக்கொள்கிறவருக்கு ஒரு கை. மற்றவர்கள் ஒற்றைக்காலில் நிற்கப் பழகிக்கொண்டார்கள். ஒற்றைக்காலில் நின்றால் பாதி அமைதிதான் கிடைக்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள், இருநூறு எண்ணிக்கொள்ளுங்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஷோபியா வகுப்பை மறுபடி முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். புஷ்பலீலா ஐந்தரை பஸ்ஸில் இறங்கி முற்றத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் சுபிஜாவே அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி, இருநூறு வரை எண்ணினாள்.

ஆனி இரண்டாம் வாரம், திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் திறந்தது. நல்ல காற்று. நூலக வாசலில் காத்திருந்த ஷோபியா, மற்றக் காலடியையும் இப்போது எடுத்துக்கொள்கிறாயா, சொல்லைச் சொல்கிறேன் என்று கேட்டாள். சுபிஜா வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போனாள்.